பூப்பாத்தியில் கிடைத்த தோட்டா உறை: புக்கேகாவா வழக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் வளர்ந்தவர்களுக்கு நியூசிலாந்தின் புக்கேகாவாவைப் புரிந்துகொள்வது பெரிய கஷ்டமில்லை. ஆக்லாந்துக்குத் தெற்கே, வைக்காட்டோ ஆற்றை ஒட்டிய மேட்டு நிலம். நமக்கு ரப்பரும் செம்பனையும் என்றால் அவர்களுக்குக் கறவை மாடும் ஆடும். பண்ணைகள் தள்ளித் தள்ளி இருந்தாலும் யார் யாரைக் காதலித்தார், எந்த வீட்டுச் சொத்து யார் பேருக்குப் போனது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். 1970இல் அங்கே ஓர் இளம் தம்பதி கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்காக ஆர்தர் ஆலன் தாமஸ் என்ற விவசாயி இரண்டு முறை குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய முக்கியத் தடயத்தைப் போலீசாரே கொண்டுபோய் வைத்தார்கள் என்று பிறகு அரச விசாரணை ஆணையம் எழுதி வைத்தது.

போலீஸ் பொய்ச் சாட்சி தயாரித்த கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. எனக்கு இந்த வழக்கில் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய கட்டம். அந்தத் தடயம் வருவதற்கு முன்பே தாமஸ் பாதி குற்றவாளி ஆகிவிட்டிருந்தார். எப்படி என்பதைப் பார்த்தால்தான் மீதி புரியும்.

ஐந்து நாள்

1970 ஜூன் 22, திங்கட்கிழமை. லென் டெம்லர் பக்கத்துப் பண்ணையில் இருந்த தன் மகள் வீட்டுக்குப் போனார். வாசல் பெட்டியில் பாலும் ரொட்டியும் செய்தித்தாளும் எடுப்பாரில்லாமல் சேர்ந்து கிடந்தன. உள்ளே நாற்காலியிலும் கம்பளத்திலும் ரத்தம். மகள் ஜேனட்டும் மருமகன் ஹார்வி குரூவும் இல்லை. பதினெட்டு மாதப் பேத்தி மட்டும் தொட்டிலில், வாடிப் போய்.

டெம்லர் குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். தன் வீட்டுக்குப் போய், ஆடு ஏற்ற வரவிருந்த லோரியை வேண்டாம் என்று சொன்னார். அதற்கு அப்புறம்தான் பக்கத்துப் பண்ணைக்காரரை அழைத்துக்கொண்டு திரும்பினார். இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஊர் அவரைச் சந்தேகப்பட்டது. நான் அவரை அவ்வளவு சீக்கிரம் குறை சொல்ல மாட்டேன். அதிர்ச்சியில் மனிதர்கள் பழகிய வேலையைச் செய்வார்கள். ஆனால் போலீசுக்கும் முதல் சந்தேகம் அவர் மேல்தான். நான்கு மாதம் முன்பு இறந்துபோன அவருடைய மனைவி தன் பங்கு நிலத்தை மகள் ஜேனட்டுக்கு எழுதி வைத்திருந்தார். சொத்து, உயில், அப்பா, மகள். நம் ஊர்க் காப்பிக்கடையில் இதைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் வழக்கை முடித்துவிடுவார்கள்.

எடுக்காமல் கிடந்த பேப்பரை வைத்து, சம்பவம் ஜூன் 17, புதன்கிழமை இரவு நடந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். மறுநாள் அவர்களுடைய நான்காம் ஆண்டு திருமண நாள். ஆகஸ்ட் 16 அன்று ஜேனட்டின் உடல் வைக்காட்டோ ஆற்றில் மிதந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 16 அன்று, ஹார்வியின் உடல் கிடைத்தது. அது மேலே வராமல் இருக்கப் பழைய வண்டி அச்சு ஒன்றைக் கட்டித் தாழ்த்தியிருந்தார்கள். இரண்டு பேரும் பாயிண்ட் 22 ரகத் துப்பாக்கியால் சுடப்பட்டிருந்தார்கள். உடல்களைச் சுற்றியிருந்தது பண்ணைக் கம்பி.

புதன் இரவிலிருந்து திங்கள் வரை ஒரு கைக்குழந்தை தனியாக எப்படித் தாக்குப்பிடித்தது? யாரோ உணவு கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். தேவையில்லை என்றார்கள் வேறு சில மருத்துவர்கள். இடைப்பட்ட வெள்ளிக்கிழமை அந்த வீட்டு வளாகத்தில் ஒரு பெண்ணைப் பார்த்ததாகப் பண்ணைத் தொழிலாளி ஒருவர் சொன்னார். அந்தப் பெண் யார் என்பது இன்றுவரை தீராத கேள்வி.

எல்லாரிடமும் இருக்கிற பொருள்

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி என்றால் சுங்கை சிப்புட் பெரியவர்களுக்கு 1948 ஜூன் 16தான் நினைவுக்கு வரும். எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்த நாள். அதற்கு அடுத்த ஆண்டு தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகவே புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆக, ஒருவர் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று கேட்டாலே நம் மனம் பாதித் தீர்ப்பை எழுதிவிடும். புக்கேகாவாவில் அப்படியில்லை. முயல் சுடவும் நோயில் விழுந்த ஆட்டுக்கு முடிவு கட்டவும் பாயிண்ட் 22 துப்பாக்கி பண்ணை வீட்டில் சாதாரணமாக இருக்கும். நம் லயத்துக் கதவோரம் பால்வெட்டுக் கத்தி இருக்கிற மாதிரி.

இன்ஸ்பெக்டர் புரூஸ் ஹட்டன் தலைமையில் போலீசார் அந்த வட்டாரத்தில் 64 துப்பாக்கிகளை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வட்டாரத்தில் இருந்த துப்பாக்கிகள் அவ்வளவுதான் என்று இதற்கு அர்த்தமில்லை. உடல்களிலிருந்து எடுத்த குண்டுகள் சிதைந்திருந்தன. அந்தக் குண்டுகளை வைத்து, "இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது" என்று சொல்ல வழியில்லை. "இதிலிருந்து வந்திருக்க முடியாது" என்று சிலவற்றைக் கழிக்க மட்டுமே முடிந்தது. கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு துப்பாக்கிகள் மிஞ்சின. அதில் ஒன்று தாமஸுடையது. இன்னொன்று வேறொரு குடும்பத்துடையது.

மிஞ்சியது வேறு, அகப்பட்டது வேறு. 64இல் இரண்டைக் கழிக்க முடியவில்லை என்றால், சோதிக்காத மற்ற துப்பாக்கிகளில் எத்தனை இதே மாதிரி மிஞ்சியிருக்கும் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அப்போது மதிப்பில்லை.

அடுத்தது அச்சு. ஹார்வியின் உடலோடு இருந்தது 1920களின் கடைசியில் வந்த நாஷ் கார் ஒன்றின் அச்சு என்று கண்டுபிடித்தார்கள். தாமஸின் அப்பா ஒரு காலத்தில் வைத்திருந்த டிரெய்லரில் அப்படிப்பட்ட அச்சு இருந்தது. பிறகு அந்த டிரெய்லர் வேறு கைக்குப் போய், 1965இல் அச்சைக் கழற்றி வேறு மாட்டினார்கள். கழற்றிய இரும்பு அப்புறம் எங்கே போனது என்பதில்தான் சண்டையே. கொலைக்கும் அந்த மாற்றத்துக்கும் நடுவில் ஐந்து ஆண்டுகள். பண்ணையில் பழைய இரும்பு கைமாறுவதை யார் கணக்கு வைத்திருப்பார்கள்? கம்பி விஷயமும் இதே ரகம்தான். வேலி போட்ட எந்தப் பண்ணையிலும் கிடக்கிற சாமான்.

இந்த வழக்கை இங்கே ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சு வரைக்கும் பொறுமையாகக் கேட்டவர், "ஒரே கொம்பேனி கடையில வாங்குன சாமான ஒருத்தன் வீட்டுல மட்டும் தேடுனா, அவன் வீட்டுலதானே தம்பி கிடைக்கும்?" என்றார். வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். தோட்டத்தில் திருட்டு விசாரணை நடத்திப் பழகியவர்.

"சரி ஐயா, அப்போ ஜூரி ஏன் நம்புனாங்க?" என்றேன்.

"பொம்பள விசயம் ஏதாச்சும் சொல்லியிருப்பானுங்களே?"

அதுவும் சரிதான். சொன்னார்கள்.

சீப்பும் பிரஷ்ஷும்

தாமஸும் ஜேனட்டும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இளைஞனாக இருந்தபோது அவருக்கு ஜேனட் மேல் பிரியம் இருந்தது, ஒரு சீப்பு பிரஷ் பெட்டியைப் பரிசாகக் கொடுத்திருந்தார். அதை ஜேனட் உபயோகிக்காமலே வைத்திருந்தார். தாமஸ் 1964இல் விவியன் என்ற பெண்ணை மணந்தார். ஜேனட்டுக்கு 1966இல் கல்யாணம். இருவரும் ஏறக்குறைய ஒன்பது மைல் தள்ளி, தனித்தனியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. ஆனால் அரசுத் தரப்பு இதை வைத்தே காரணத்தைக் கட்டியது: நிறைவேறாத காதல், பல ஆண்டுகளாக உள்ளுக்குள் வளர்ந்த வெறி. துப்பாக்கியும் அச்சும் கம்பியும் தனித்தனியாக யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சீப்புப் பெட்டி வந்ததும் மூன்றும் ஒரே ஆளின் பொருளாகத் தெரிய ஆரம்பித்தன. சின்ன ஊரின் ஆபத்தே இதுதான். எல்லாரைப் பற்றியும் ஒரு பழைய கதை இருக்கும். யாரைப் பிடித்தாலும் அவருக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றை எடுத்துவிடலாம். டெம்லரைப் பிடித்திருந்தால் உயில். தாமஸைப் பிடித்ததால் சீப்பு.

அன்றிரவு தான் வீட்டில்தான் இருந்ததாகத் தாமஸ் சொன்னார். கன்று போடுவதில் சிக்கலாக இருந்த ஒரு மாட்டைக் கவனிக்க வேண்டியிருந்தது என்றார். மனைவியும், கூடத் தங்கியிருந்த ஒன்றுவிட்ட சகோதரரும் அதையே சொன்னார்கள். வீட்டு மனிதர்களின் சாட்சி, அதனால் எடை குறைவு. இதைவிட அநியாயம் வேறில்லை. புதன்கிழமை ராத்திரி ஒரு பால்பண்ணைக்காரன் எங்கே இருந்தான் என்று வீட்டுக்காரர்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

மறுபடியும் தேடிய பூப்பாத்தி

ஆகஸ்டில் வாங்கிக்கொண்டு போன தாமஸின் துப்பாக்கியைப் போலீஸ் செப்டம்பரில் திருப்பிக் கொடுத்தது. அக்டோபர் 20 அன்று மறுபடியும் எடுத்துக்கொண்டு போனது. அதற்கு ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 27 அன்று, குரூ வீட்டுப் பூப்பாத்தியில் ஒரு தோட்டா உறை கிடைத்தது. அந்த இடத்தை ஜூன் மாதமே தேடியிருந்தார்கள். அப்போது கிடைக்காதது நான்கு மாதம் கழித்துக் கிடைத்தது. அது தாமஸின் துப்பாக்கியில் வெடித்த உறை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. துப்பாக்கியின் ஊசி விழுந்த தடம் பொருந்தியது.

இதற்கு முன் இருந்த தடயம் எல்லாம் "இருக்கலாம்" வகை. இது மட்டும்தான் "இவருடையதேதான்" வகை. நவம்பர் 11 அன்று தாமஸ் கைதானார். 1971 மார்ச் மாதம் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை.

மேல்முறையீடு தோற்றது. ஊர் சும்மா இருக்கவில்லை. உறவினர்களும் பண்ணைக்காரர்களும் குழு அமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள். மறுவிசாரணை கிடைத்தது. 1973 ஏப்ரல் 16 அன்று இரண்டாவது ஜூரியும் குற்றவாளி என்றே சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் போலீசார் அந்தத் தோட்டா உறையைக் கொண்டுபோய் ஆக்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள விட்ஃபோர்ட் குப்பைமேட்டில் கொட்டிவிட்டார்கள். வழக்கின் முக்கியச் சான்று, தீர்ப்பு வந்து மூன்றே மாதத்தில் குப்பையில். கவனக்குறைவு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எட்டாம் எண்

வழக்கை உடைத்தவர்கள் இரண்டு வெளியாட்கள்: பேட் பூத் என்ற பத்திரிகையாளர், ஜிம் ஸ்ப்ராட் என்ற வேதியியலாளர். அவர்கள் பிடித்துக்கொண்டது மிகச் சின்ன விஷயம்.

கொன்ற குண்டின் அடிப்பாகத்தில் 8 என்ற எண் பதிந்திருந்தது. ஐசிஐ கம்பெனி ஆஸ்திரேலியாவில் தயாரித்த குண்டு. எட்டாம் எண் போட்ட குண்டுகளை அந்தத் தொழிற்சாலை 1960களில் நிறுத்திவிட்டது. தோட்டா உறையின் அடியிலும் கம்பெனி எழுத்து இருக்கும். எழுத்தைப் பதிக்கிற அச்சு தேயத் தேய மாற்றுவார்கள், மாற்றும்போது எழுத்தின் வடிவம் மிகச் சிறிதாக வேறுபடும். பூப்பாத்தி உறையில் இருந்த எழுத்து வடிவத்தையும் எட்டாம் எண் குண்டு இருந்த உறைகளின் எழுத்து வடிவத்தையும் ஸ்ப்ராட் ஒப்பிட்டார். பொருந்தவில்லை. அந்த வகை உறைக்குள் எட்டாம் எண் குண்டை வைத்துத் தொழிற்சாலை அனுப்பியதே இல்லை என்பது அவருடைய முடிவு. அப்படியானால் பூப்பாத்தியில் கிடந்த உறை தாமஸின் துப்பாக்கியில் வெடித்ததுதான், ஆனால் யாரையும் கொன்ற தோட்டாவின் உறை அது இல்லை.

தாமஸ் வீட்டுக் கொட்டகையிலேயே எட்டாம் எண் குண்டுகள் கிடைத்தன என்பதை அரசுத் தரப்பு பெரிதாகப் பேசியது. அதுவும் கிராணி சொன்ன கணக்குத்தான்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 1978இல் நியூசிலாந்துக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இது தன் அதிகாரத்துக்குள் வராது என்று ஒதுங்கிக்கொண்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் மலேசியாவும் குற்ற வழக்குகளைப் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுபோவதை நிறுத்தியது என்பது ஒரு தற்செயல்.

கடைசியில் கதவைத் திறந்தது நீதிமன்றம் இல்லை, பிரதமர். இந்த வழக்கைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதிய புத்தகம் 1978இல் வெளிவந்து பிரதமர் ராபர்ட் மல்டூன் கைக்குப் போனது. அவர் ஆடம்ஸ்-ஸ்மித் என்ற மூத்த வழக்கறிஞரை நியமித்து மறுபடி விசாரிக்கச் சொன்னார். குரூ பண்ணைக்கு அருகில் வசித்த தம்பதி, போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்த மாதங்களில் அந்தப் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகச் சொன்னது இந்தக் கட்டத்தில்தான் எடை பெற்றது. 1979 டிசம்பர் 17 அன்று தாமஸுக்கு முழு மன்னிப்பு வழங்கப்பட்டது. அப்போது அவர் ஹௌட்டு சிறைப் பண்ணையில் இருந்தார். விவியனுடனான மணவாழ்க்கை அதற்குள் முறிந்திருந்தது.

1980இல் ஆஸ்திரேலிய முன்னாள் நீதிபதி ராபர்ட் டெய்லர் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமர்ந்தது. உறை சுத்தமாக, துருவோ அரிப்போ இல்லாமல் இருந்ததைக் காட்டி, அது ஜூன் மாதத்திலிருந்து மண்ணில் கிடந்ததாக நம்ப முடியாது என்றது. ஹட்டனும் துப்பறியும் அதிகாரி ஜான்ஸ்டனும் அதை அங்கே வைத்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதியது. தாமஸுக்குச் சுமார் ஒன்பதரை லட்சம் டாலர் இழப்பீடு. ஹட்டன் மேல் வழக்குத் தொடரப் போதிய ஆதாரமில்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் 1981இல் முடிவு செய்தார். ஹட்டன் 2013இல் இறந்தபோது அவருடைய இறுதிச் சடங்கில் உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் அவருடைய நேர்மையைப் புகழ்ந்து பேசி, நாடே கொதித்தது தனிக் கதை.

இங்கே நடந்திருந்தால்

நியூசிலாந்து கொலைக் குற்றத்துக்கான தூக்குத் தண்டனையை 1961இல் எடுத்துவிட்டது. தாமஸ் உயிரோடு மன்னிப்பு வாங்கியதற்கு முதல் காரணம் அதுதான். மலேசியாவில் தண்டனைச் சட்டம் 302ஆம் பிரிவின்படி கொலை நிரூபணமானால் நீதிபதிக்கு வேறு வழியே இருக்கவில்லை, தூக்குத்தான். அந்தக் கட்டாயம் 2023 ஜூலை 4ஆம் தேதிதான் போனது. இப்போது தூக்குக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு சிறை கொடுக்க நீதிபதிக்கு உரிமை உண்டு. தாமஸுக்கு எதிரான உறை பொய் என்று நிரூபிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்து மலேசியாவில் அவருக்கு அத்தனை ஆண்டுகள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

இங்கேயும் கொலை வழக்குகளை ஜூரி விசாரித்த காலம் உண்டு, 1995இல் அது முடிந்தது. ஜூரி போனதால் இப்படிப்பட்ட தவறு வராது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாமஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதிகளும் உறையை நம்பத்தான் செய்தார்கள். அவர்கள் யாரும் ஜூரி இல்லை.

தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க இங்கே தனிச் சட்டம் இல்லை. சிவில் வழக்குப் போட்டு, அதிகாரிகள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று அவரே நிரூபிக்க வேண்டும். மன்னிப்பு வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 42ஆம் பிரிவின்படி மாமன்னருக்கோ, மாநிலத்தின் சுல்தானுக்கோ ஆளுநருக்கோ மனுச் செய்யலாம். மனு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், விடாமல் அலைய ஒரு குடும்பம் வேண்டும். தாமஸுக்கு அந்த இரண்டும் இருந்தன. சொந்த நிலம் வைத்திருந்த பெரிய குடும்பம் அது. லயத்து வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழக்கக்கூடிய ஒரு தோட்டத் தொழிலாளி குடும்பம் ஒன்பது ஆண்டு போராடுமா?

குரூ தம்பதியைக் கொன்றதற்காக வேறு யாரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை. தொட்டிலில் கிடந்த குழந்தை வளர்ந்து, 2010இல் போலீசிடம் நேரடியாகக் கேள்வி எழுப்பினார். அதனால் நடந்த மறுஆய்வின் அறிக்கை 2014இல் வந்தது. தோட்டா உறை ஜோடிக்கப்பட்டதாக இருக்கக் கூடும் என்பதைப் போலீஸ் அதில் ஒப்புக்கொண்டது. டெம்லர் மேல் ஆதாரமில்லை என்றது. அதோடு நிறுத்தாமல், துப்பாக்கி, அச்சு, கம்பி மூன்றும் தாமஸ் பண்ணையோடு கொலையைத் தொடர்புபடுத்துகின்றன என்றும் எழுதியது. தாமஸ் குடும்பம் கோபப்பட்டது. 44 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டில் அதே துப்பாக்கி, அதே கம்பி, அதே பழைய இரும்பு இருந்தன என்ற கேள்வியில்தான் வழக்கு நிற்கிறது.